வலது சுவர்

9

நேற்று மாலை நாற்பத்திரண்டு பித்தளைத் திருகாணிகளை முடுக்கினேன். நான் கட்டிக்கொண்டிருக்கும் புதிய கேரவனின் இடது சுவரில், ஜன்னலுக்குக் கீழே ஓடும் மரப்பட்டியில். தலைகளின் வெட்டு எந்தப் பக்கம் நின்றதோ அப்படியே விட்டேன். சில சாய்ந்து நின்றன. சில படுத்துக் கிடந்தன.

இன்று காலை எழுந்து வந்தபோது, கூரைக்கு அடியில் வைத்திருந்த என் பூட்ஸ் நனைந்திருந்தது. நல்ல பனி போலிருக்கிறது என்று நினைத்துப் போட்டுக்கொண்டேன். ஷெட்டின் கதவைத் தள்ளினேன்.

நாற்பத்திரண்டு வெட்டுகளும் நெட்டாக நின்றன.

இது மூன்றாவது முறை. முதல் முறை ஞாபகப் பிசகு என்று விட்டேன். இரண்டாவது முறைக்குப் பிறகு போட்டோ எடுத்து வைக்கத் தொடங்கினேன். நேற்று எடுத்தது கைபேசியில் இருக்கிறது. சுவரையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அப்படி நிறுத்துவது நெரிடாவின் பழக்கம். என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன் இரண்டு வருடம் படகு கட்டுமிடத்தில் வேலை பார்த்தவள். வெட்டு நெட்டாக நின்றால் தண்ணீர் வடிந்துவிடும், படுத்திருந்தால் தேங்கி அரிக்கும் என்பாள். எங்கள் வீட்டுச் சுவிட்சுகளில்கூட, தண்ணீரே படாத இடத்தில், ஒவ்வொரு திருகாணியும் நெட்டாகத்தான் நிற்கும். நான் அதைக் கேலி செய்வேன். அவள் திருப்புளியை எடுத்து நான் முடுக்கியதை நேராக்கிவிட்டுப் போவாள்.

நெரிடா இறந்து பத்து மாதம் ஆகிறது.

இந்த ஷெட்டில்தான். பழைய கேரவன், 1957இல் யாரோ ஒருவர் தன் கொல்லையில் தானே கட்டிய, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பதினோரு அடி பிளைவுட் வண்டிவீடு. கோழி அடைத்து வைத்திருந்ததை ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கி வந்தாள். பழுது பார்க்கும் நிலையைத் தாண்டியிருந்தது. அதைப் போலவே இன்னொன்றைக் கட்டுவதென்று முடிவு செய்தாள். கூரையைப் பிரித்து, வளைவுச் சட்டங்கள் ஒன்பதுக்கும், புதியதில் பொருத்துவதற்காக, எண் போட்டு இறக்கி வைத்தாள். இடது சுவரைப் பழுப்புக் காகிதத்தில் படி எடுத்தாள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வலது சுவருக்கு முன்னால் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். முப்பத்திரண்டு வயது.

நான் நில அளவையாளன். அன்று சிக்னல் கிடைக்காத ஒரு பள்ளத்தாக்கில் அளந்துகொண்டிருந்தேன். அவளைப் பார்த்தவர் அவளுடைய அப்பா கிரேம்.

மார்ச்சில் கிரேம் டிராக்டரோடு வந்தார். ஷெட்டுக்கு வெளியிலேயே நின்று சங்கிலியை எறிந்தார். நான் மாட்டினேன். பழைய கேரவனை இழுத்துப்போய், மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் வைக்கோல் கொட்டகையில் போட்டார். எரிக்க வேண்டும் என்றார். புதியது நிற்கட்டும், பிறகு எரிக்கலாம் என்றேன். கைகுலுக்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு அவர் என் ஷெட்டின் வாசலைத் தாண்டியதில்லை.

போன வாரம் புதியதின் இரண்டு சுவர்களும் நின்றுவிட்டன. இங்கே கோடை தொடங்கிவிட்டது, நாளை முதல் வட்டாரம் முழுக்கத் தீத்தடை. ஏப்ரல் வரை வெளியில் ஒரு குச்சி கிழிக்க முடியாது. கிரேம் ஊர்த் தீயணைப்புப் படையில் முப்பது வருடமாக இருப்பவர், விதியை மீற மாட்டார். இன்று மாலை நான்கு மணிக்கு எரிப்பதாக முறைப்படி பதிவு செய்திருந்தார். பழையதை முந்தாநாளே சங்கிலி கட்டிப் பிரித்து, வெட்டிய சைப்ரஸ் கிளைகளோடு குவித்தாகிவிட்டது.

ஒன்பதே காலுக்கு ரோவினா வந்தாள். நெரிடாவின் அக்கா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலைச் சுற்றை முடித்துவிட்டுப் பேருந்தோடேயே வந்துவிட்டாள். கையில் மூன்று சாஸேஜ் ரோல். கூரைச் சட்டங்களை ஏற்ற ஆள் வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

"தூங்கினியா?"

மாத்திரை போட்டேன் என்றேன்.

"அதைக் கேக்கல. தூங்கினியான்னு கேட்டேன்."

போட்டோவைக் காட்டினேன். அவள் சுவருக்குப் பக்கத்தில் போய் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். விரலால் எதையும் தொடவில்லை.

"நீயே எந்திரிச்சு வந்து பண்றியோ என்னவோ," என்றாள். "இந்த மாத்திரையைப் போட்டுட்டு எங்க டிப்போவுல ஒருத்தன் ராத்திரி எந்திரிச்சு முழுக் கோழியையும் வறுத்துத் தின்னிருக்கான். காலையில எலும்பைப் பாத்துட்டு நாயைத் திட்டியிருக்கான்."

திருகாணியை நேராக்கும் ஆள் நான் இல்லை என்று சொன்னேன்.

"அது தெரியும். அதுக்குத்தானே ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க."

கதவுக்குப் பின்னால் ஆணியில் நெரிடாவின் தோல் கையுறைகள் தொங்கின. பத்து மாதமாக நான் எடுக்கவில்லை. ரோவினா எடுத்துக்கொள்ளட்டுமா என்பதுபோலப் பார்த்தாள். தலையாட்டினேன். இங்கே யாரும் கையுறையை அப்படியே மாட்டிக்கொள்வதில்லை. உள்ளே விஷமுள்ள செம்முதுகுச் சிலந்தி குடியிருக்கும். தூணில் ஓங்கி அடித்தாள். வலது கையுறையிலிருந்து தூசியும் காய்ந்த சிலந்திக்கூடு ஒன்றும் விழுந்தன. இடதிலிருந்து எதுவும் விழவில்லை.

"எடது லூசா இருக்கு," என்றாள், விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டு. "எனக்கும் அவளுக்கும் ஒரே அளவுதானே."

நான் சட்டங்களை எண் வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று சட்டங்கள் இரண்டு சுவர்களிலும் பொருந்தி உட்கார்ந்தன. நான்காவது உட்காரவில்லை. வலது முனை சுவரைத் தொடாமல் நின்றது. ஐந்தாவதில் இடைவெளி கூடியது. ஒன்பதாவதில் பதினான்கு மில்லிமீட்டர். அமுக்கினால் இடது பக்கம் எழும்பியது.

உயரங்களை அளந்தேன். இரண்டு பக்கமும் ஒன்று. மூலைவிட்டங்களை அளந்தேன். ஒன்று. என் வேலையில் பிழையே இல்லை. கூரை மட்டும் உட்கார மறுத்தது.

"என்ன மாப்ளே, கூரைக்கு உன்னைப் புடிக்கலையா?"

கிரேம் வாசலுக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்றிருந்தார். கையில் தேநீர்க் குடுவை. வலது சுவரை எப்படிச் செய்தாய் என்று கேட்டார். நெரிடாவின் இடது படியைக் கணினியில் ஏற்றி, புரட்டிப் போட்டு, அதே அளவில் வெட்டினேன் என்றேன்.

அவர் சிரித்தார். பத்து மாதத்தில் முதல் தடவை.

"புரட்டிப் போட்டியா? ஏம்ப்பா, எவனோ ஒருத்தன் பீரைக் குடிச்சுக்கிட்டுக் கண்ணால அளந்து கட்டின வண்டி. எடது சொவரை ஒரு ஞாயித்துக்கெழமை கட்டியிருப்பான், வலதை அடுத்த மாசம் கட்டியிருப்பான். ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்? இதுக்குத்தான் உன்னைப் பல்கலைக்கழகத்துல நாலு வருஷம் வெச்சிருந்தாங்களா?"

ரோவினா பழுப்புக் காகிதச் சுருளை எடுத்து மேசையில் விரித்தாள். பிறகு அதைத் திருப்பினாள். நான் முன்பக்கத்தை மட்டும்தான் கணினியில் ஏற்றியிருந்தேன். பின்பக்கத்தை இதுவரை பார்த்ததில்லை.

பின்பக்கத்தில் நெரிடாவின் கையெழுத்து, பென்சிலில்:

*இது இடது. புரட்டாதே. வலது வேற ஆள்.*

"யாருக்கு எழுதினா?" என்றாள் ரோவினா. நெரிடா இதைத் தனியாகக் கட்டுவதாக இருந்தாள். நான் மரத்தைத் தொடவே கூடாது என்று விளையாட்டாக ஒப்பந்தம்கூடப் போட்டிருந்தாள்.

வலது சுவர் வேண்டும் என்றேன். கிரேமின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"குவியலோட அடியில கெடக்கு."

ஒரு மணி நேரம் கொடுங்கள், படி எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டுவிடுகிறேன் என்றேன். சட்டங்கள் அந்தச் சுவருக்காக வளைக்கப்பட்டவை. அது எரிந்துவிட்டால் நெரிடா கட்ட நினைத்ததை யாராலும் கட்ட முடியாது. உத்தேசமாக ஏதாவது ஒன்றைக் கட்டலாம். அது அவளுடையதாக இருக்காது. இதையெல்லாம் சொன்னேன். இவ்வளவு பேசி நாளாகியிருந்தது.

"கைகுலுக்கினோம்," என்றார் கிரேம். "அந்தச் சொவருக்கு முன்னாடிதான் அவ கெடந்தா. நீ பாக்கல. நான் பாத்தேன். அது இன்னிக்கு எரியணும்."

குடுவையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ரோவினா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரைக்கு அவள் பேருந்தை எடுக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் இறங்கி நடந்தாள். நான் பின்னால் போனேன்.

குவியல் என் தலையைவிட உயரமாக இருந்தது. நாங்கள் சைப்ரஸ் கிளைகளை இழுத்துப் போட்டோம். பிறகு பழைய வேலிக் கம்பங்கள். பிறகு கேரவனின் தரை, முன்சுவர், துருப்பிடித்த பனிப்பெட்டி. கிரேம் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. ஒன்றரை மணிக்கு வலது சுவர் தெரிந்தது. உள்பக்கம் மண்ணைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது. இருவருமாகத் தூக்கி டிராக்டர் சக்கரத்தில் சாய்த்தோம்.

வெளிறிய பச்சைப் பெயின்ட். எலிப் புழுக்கை. அதன்மேல் பென்சில் கோடு.

நெரிடா வேலை செய்யும் முறை இது. பழைய சுவரின் ஓரம் மக்கிப் போயிருக்கும். எங்கே ஓரம் இருந்திருக்க வேண்டும் என்பதை, மெல்லிய சட்டம் ஒன்றை வளைத்துப் பிடித்து, சுவரின் மேலேயே கோடாகப் போடுவாள். இடது கையில் மட்டும் கையுறை, மரச் சிலாம்பு ஏறாமலிருக்க. அந்தக் கையால் சட்டத்தை ஒரு சாண் நீளத்துக்கு அமுக்கிப் பிடித்து, வலது கையால் கோடு இழுப்பாள். கையை நகர்த்தும் இடத்தில் சின்னக் குறுக்குக் கீறல். கோடு முழுவதும் முடிந்த பிறகுதான் காகிதத்தில் படி எடுப்பாள்.

கோடு கீழ்மூலையில் தொடங்கி, முன்பக்க வளைவில் ஏறி, ஜன்னலுக்கு மேலாகப் போய், பின்பக்கம் இறங்கி, அடியில் ஓடித் தொடங்கிய இடத்துக்கே வந்திருந்தது.

"முடிச்சிருக்கா," என்றாள் ரோவினா. குரலில் நிம்மதி இருந்தது. "படி எடுக்க வேண்டியதுதான் பாக்கி."

எனக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் தரையில் விழுந்தது. கிரேம் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது இப்படி இல்ல," என்றார்.

ரோவினா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம். அவளை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ மொகத்தைப் பாக்க முடியல. இந்தக் கோட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." ஜன்னலின் மேல்மூலையில் விரலை வைத்தார். "இங்க நின்னுச்சு. இதுக்கு அப்பறம் ஒண்ணுமே இல்ல. பென்சில் கீழ கெடந்துச்சு. நான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தட்டைப் பென்சிலை எடுத்தார். தச்சர்கள் வைத்திருப்பது. முனையில் பல்லால் கடித்த தடம். பத்து மாதமாக அதைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அளவு நாடாவை எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொடக்கத்திலிருந்து ஜன்னல் மூலை வரை இருபத்தொரு கீறல்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்தொன்பது சென்டிமீட்டர். நெரிடாவின் சாண். இடது படியிலும் அதே அளவுதான். மூலைக்குப் பிறகு இருபத்தொன்பது கீறல்கள். அவற்றுக்கு நடுவேயும் பத்தொன்பது.

என் சாண் இருபத்துமூன்று. கிரேமின் கை அதைவிடப் பெரியது.

"என்னைப் பாக்காதே சர்வேயர் சார்," என்றாள் ரோவினா. "எனக்கு ஸ்கேலை வெச்சே நேரா கோடு போட வராது." சிரிக்க முயன்று விட்டுவிட்டாள்.

நிலத்தைச் சுற்றி அளக்கும்போது தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வர வேண்டும். ஒருபோதும் சரியாக வராது. சில மில்லிமீட்டர் தள்ளித்தான் முடியும். அந்தத் தூரத்தைக் குறித்துவைத்துப் பங்கிட்டுத் திருத்துவது எங்கள் வேலையில் பாதி. நான் குனிந்து கீழ்மூலையைப் பார்த்தேன். கோடு தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் ஒன்றாக இருந்தன.

கிரேம் குனிந்து சுவரின் ஒரு முனையைப் பிடித்தார். பிறகு, "தூக்கு," என்றார்.

மூன்று பேரும் தூக்கினோம். அவர் முன்னால். மேய்ச்சல் நிலத்தைக் கடந்து ஷெட்டுக்கு வந்தோம். வாசலில் அவர் நின்றார். சுவரின் பாரம் என் கைகளில் இறங்கியது. ரோவினா, "அப்பா, கீழ வெச்சிரலாம்," என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே காலை வைத்தார்.

சுவரை மேசைமேல் கிடத்தினோம். ரோவினா கையுறைகளைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

நான் புதிய சுவரின் உயரங்களை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டேன். முன்பக்கம் வித்தியாசமே இல்லை. நடுவிலிருந்து விலகத் தொடங்கி, பின்மூலையில் பதினான்கு மில்லிமீட்டர். சட்டங்கள் கேட்ட அதே பதினான்கு.

நான்கு மணிக்குக் காற்று அடங்கியது. கிரேம் மிச்சத்தைக் கொளுத்தினார். பழைய பெயின்டும் பிளைவுட்டும் சடசடவென்று பிடித்துக்கொண்டன. அவர் குழாயோடு அருகில் நின்றார். நான் கருவிகளை எடுத்து வைக்க ஷெட்டுக்குத் திரும்பினேன்.

கையுறைகளை ஆணியில் மாட்டப் போனேன். இடது கையுறையின் சுண்டுவிரல் பக்கம் தையல் பிரிந்திருந்தது. உள்ளிருந்து அழுத்திப் பிரிந்தது. கட்டைவிரல் உப்பி, தோல் வெளுத்திருந்தது. லூசாக இருக்கிறது என்று ரோவினா சொன்னது நினைவுக்கு வந்தது.

நெரிடாவின் கையுறைக்குள் என் கை போகாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை முயன்று பார்த்து, மூன்று விரலுக்கு மேல் நுழையாமல் இருவரும் சிரித்திருக்கிறோம்.

இப்போது போட்டுப் பார்த்தேன். போனது. வழி தெரிந்த மாதிரி போனது.

தோல் இறுக்கியது. விரல்களை முடிந்தவரை விரித்துக் கோட்டின்மேல் வைத்தேன். கட்டைவிரல் ஒரு கீறலில் இருந்தது. சுண்டுவிரல் அடுத்த கீறலில்.

காலையில் பூட்ஸ் நனைந்திருந்ததை நினைத்தேன். போன வாரமும் சில காலைகளில் அப்படித்தான் நனைந்திருந்தது. என் வாசலிலிருந்து வைக்கோல் கொட்டகை வரை இடுப்பளவு புல். எவ்வளவு யோசித்தும் படுத்ததற்கும் எழுந்ததற்கும் நடுவே எதுவும் கிடைக்கவில்லை.

கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

கிரேம் புகை நாற்றத்தோடு உள்ளே வந்தார். கேட்காமலே வந்தார். கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல், சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். ஜன்னல் மூலையில் விரலை வைத்து, மீதிக் கோட்டின்மேல் கடைசிவரை தடவிக்கொண்டு போனார்.

"அவதான் முடிச்சிருக்கா," என்றார். "இல்ல?"

கையுறை அவர் தலைக்குப் பின்னால் தொங்கியது. கை நீட்டினால் எட்டும்.

"ஆமா," என்றேன்.

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சுவரின் ஓரத்தில், கோடு முடிந்த மூலையில் வைத்தார். அது நழுவாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

வெளியே வந்தோம். தீ தணிந்துவிட்டிருந்தது. இந்த ஷெட்டை நான் பூட்டியதே இல்லை. இன்று பூட்டை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். சாவியை அவரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கிரேம் என் கையைப் பிடித்தார்.

"பூட்டாதே மாப்ளே. அவ எப்படி உள்ள வருவா?"

பூட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, புல்லுக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். அடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி, துணியால் துடைத்தேன். ஈரம் எங்காவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. கூரைக்கு அடியில், வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.